கிட்னிக்கு ஜலதோஷம்

என் கிட்னிக்கு ஜலதோஷம் பிடித்திருந்தது. பிறக்கும்போதே கூட வந்த இரண்டும் போன வருஷமே கடையைச் சாத்திவிட்டன. நான் சொல்வது எனக்கு வரவேண்டிய கிட்னியை. அது அப்போது என் அண்ணனின் இடுப்புக்குள் இருந்தது. அண்ணன் ஆஸ்பத்திரி வரவேற்பறையில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, அட்மிஷன் பாரத்தை மடியில் வைத்துக்கொண்டு, வரிசையாக ஏழு தும்மல் தும்மினான்.

"தூசி" என்றான்.

அப்போதுதான் பினாயில் போட்டுத் துடைத்த தரை. அதில் வழுக்கி விழுந்து மண்டையை உடைத்துக்கொள்ளலாமே தவிர, ஒரு பொட்டுத் தூசி கிடைக்காது. நர்ஸ் வந்து அவன் நெற்றிக்கு நேராகக் கருவியை நீட்டினாள். நூற்றியொன்று. அவன் மடியிலிருந்த பாரத்தை எடுத்துக்கொண்டாள். பிறகு என் மடியிலிருந்ததையும் எடுத்துக்கொண்டாள். மறுநாள் காலை நடக்க வேண்டிய ஆபரேஷன் ரத்து. இது இரண்டாவது தடவை.

"காய்ச்சலோட இருக்கறவரை டேபிள்ல ஏத்த முடியாதும்மா. மூணு வாரம் கழிச்சு வாங்க."

மூன்று வாரம் என்றால் ஒன்பது டயாலிசிஸ். அண்ணி, வீட்டிலிருந்து தூக்கிவந்த தலையணையைத் திரும்பவும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எழுந்தார். அண்ணன் எட்டாவது தும்மலை அடக்கப் பார்த்து, கண்ணெல்லாம் சிவந்து, கடைசியில் அதையும் தும்மினான்.

நான் டிரைவிங் ஸ்கூலில் வண்டி ஓட்டச் சொல்லிக்கொடுப்பவள். பிரேக் போடு என்றால் ஆக்ஸிலரேட்டரை மிதிக்கிற ஜனங்களோடு பதிமூன்று வருஷமாகக் குப்பை கொட்டுகிறேன். அதில் என் வாய் கொஞ்சம் நீண்டுவிட்டது, மறுக்கவில்லை. எனக்குக் கல்யாணம் ஆகி, பிறகு அது ஆகாமலும் போய்விட்டதால், அண்ணன் வீட்டு மாடி அறையில் இருக்கிறேன். போன வருஷம் ஒருநாள் கிளட்சை மிதிக்கப் போனால் கால் செருப்புக்குள் நுழையவில்லை, அவ்வளவு வீக்கம். போய்க் காட்டினால் கிட்னி இரண்டும் போச்சு என்றார்கள். அதிலிருந்து வாரத்துக்கு மூன்று நாள், நாலு மணி நேரம், கையில் இரண்டு குழாய். ஒரு நாளைக்கு இவ்வளவுதான் தண்ணீர் என்று கோடு போட்ட ஒரு பாட்டில். வெயிலில் வண்டி ஓட்டச் சொல்லிக்கொடுத்துவிட்டு வந்து அந்தக் கோட்டைப் பார்த்தால் கோபம் கோபமாக வரும்.

அம்மா அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார்கள். கூடப் பிறந்தது அண்ணன் ஒருத்தன்தான். அவன் ரத்தத்தை எடுத்துப் பார்த்தார்கள், பொருந்தியது. ஆனால் அண்ணன் நல்ல கனம். கிட்னி டாக்டரம்மா அவனை எடை மெஷினில் ஏற்றி இறக்கிவிட்டு, "ஒன்பது கிலோ குறைக்கணும். தினம் அரை மணி நேரம் நடங்க, எண்ணெயைக் குறைங்க, நல்லாத் தூங்குங்க" என்றார். கேட்க எவ்வளவு சுலபமாக இருக்கிறது!

அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். இருபது வருஷமாகப் பத்து மாடி, பதினைந்து மாடிக் கட்டிடங்களில் வேலை. ஆனால் சொந்தக் காலால் முதல் மாடிக்கு மேல் ஏறியதில்லை. மாடிப்படி ஏறுவது என்பது அவன் தொழிலுக்குச் செய்கிற துரோகம். இப்படிப்பட்டவனை நடக்கச் சொன்னதும் இரண்டு நாள் நடந்தான். மூன்றாம் நாள், "நடக்கறதெல்லாம் ரிட்டயர் ஆனவங்க செய்யற வேலை. செய்யறதை ஒழுங்கா செய்யணும்" என்று ஜிம்மில் போய்ச் சேர்ந்துவிட்டான்.

டயர் கடைக்கு மேலே இருந்த ஜிம் அது. கோச்சுக்கு முப்பது வயசு இருக்கும், கழுத்தே கிடையாது, தலையை நேராகத் தோளில் வைத்துத் திருகியிருந்தார்கள். அவர் வாயில் எப்போதும் ஒரே மந்திரம்: "இன்னும் ரெண்டு." இருபது முறை குந்தி எழுந்தால் இன்னும் ரெண்டு. அந்த ரெண்டும் முடிந்தால் இன்னும் ரெண்டு. அண்ணன் வீட்டுக்கு வந்து அதே குரலில் சொல்லிக்காட்டியதிலிருந்து நாங்கள் அவருக்கு இன்னும்ரெண்டு என்றே பெயர் வைத்துவிட்டோம்.

முதல் மாதத்திலேயே அண்ணன் வேறு ஆளாகிவிட்டான். காலை நாலரைக்கு எழுந்து மிக்ஸியில் எதையோ போட்டு அரைப்பான். மாடியில் படுத்திருக்கும் எனக்குப் பல் கூசும். சோற்றைப் பார்த்தால் பாம்பைப் பார்த்ததுபோல் விலகுவான். முட்டையில் வெள்ளையை மட்டும் தின்றுவிட்டு மஞ்சளை எல்லாம் அண்ணி தட்டில் தள்ளியதில், அவன் இளைக்க இளைக்க அண்ணி ஊதினார். பேச்செல்லாம் தொடை, தோள், முதுகு. "இன்னைக்கு முதுகு நாள்" என்பான். என்னமோ அன்றைக்கு முதுகுக்குப் பிறந்தநாள் மாதிரி.

அவனுக்குச் சளி பிடிக்க ஆரம்பித்ததும் அப்போதுதான். பத்து நாளைக்கு ஒருமுறை தொண்டை கரகரக்கும். உடம்பு கொதிக்கும். உதட்டோரம் கொப்புளம் வரும். இன்னும்ரெண்டு அதற்கும் ஒரு விளக்கம் வைத்திருந்தார்: "உடம்பு பழைய அழுக்கை எல்லாம் வெளிய தள்ளுதுண்ணே. நல்ல அறிகுறி." அந்த ஜிம்மில் பாதிப் பேர் இருமிக்கொண்டேதான் கனம் தூக்கினார்களாம். ஊரிலேயே சுத்தமான உடம்புகள் அங்கேதான் இருந்திருக்க வேண்டும்.

எடை என்னவோ குறைந்தது. இரண்டரை மாதத்தில் ஒன்பதுக்கு ஒன்பதரை. தேதி குறித்தார்கள். தேதிக்கு முதல் நாள் அண்ணனுக்குத் தொண்டை கட்டி, காய்ச்சல். ரத்து. அடுத்த தேதியில் நான் முதலில் சொன்ன அந்தத் தும்மல். டாக்டரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "உங்க இதயம் ஏற்கெனவே வீங்கியிருக்கு. ரொம்ப நாள் தள்ளிப்போட முடியாது" என்று மட்டும் சொன்னார். அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. செத்துப்போய்விடுவேனோ என்று பயந்தேன். யாரிடமும் சொல்லவில்லை, சொன்னால் வாய் நீளமானவள் என்ற பெயர் கெட்டுவிடும்.

டயாலிசிஸ் வார்டில் எனக்குப் பக்கத்துக் கட்டிலில் ஒரு பியூட்டி பார்லர்காரம்மா. இரண்டு கையிலும் ஊசி குத்தி இடமில்லாமல் போய், கழுத்தில் குழாய் போட்டிருந்தார்கள். ஆனால் புருவம் மட்டும் எப்போதும் அச்சில் வார்த்தது போல இருக்கும். உலகத்தில் நடக்கிற எல்லாக் கெட்ட செய்தியும் அவரிடம் ஸ்டாக் இருக்கும். தும்மல் கதையைக் கேட்டுவிட்டு அந்தப் புருவத்தைத் தூக்கினார்.

"ரெண்டு தடவையும் கரெக்டா தேதிக்கு முன்னாடிதானா?"

"ஆமா. ஏன்?"

"ஒண்ணும் தப்பா எடுத்துக்காதீங்க. கொடுக்கறவங்களை டாக்டருங்க தனியா ரூமுக்குக் கூப்பிட்டு, கதவைச் சாத்திட்டு, 'உங்களுக்கு இஷ்டமா, இல்லன்னா சொல்லுங்க, உடம்பு ஒத்துவரலன்னு நாங்களே சொல்லிக்கறோம்'னு கேப்பாங்க. ரகசியம். வீட்டுக்குத் தெரியாது. எங்க கொழுந்தனாரு கொடுக்கறேன்னு வந்தாரு. உள்ள போனாரு. வெளிய வந்தா கிட்னில கல்லுன்னாங்க. அஞ்சு வருஷம் ஆச்சு, அந்தக் கல்லு ஒரு நாளாவது அவருக்கு வலிச்சிருக்கணுமே!"

சொல்லிவிட்டு அவர் நிம்மதியாகத் தூங்கிப்போனார். எனக்கு நாலு மணி நேரமும் ரத்தம் குழாயில் சுற்றியதைவிட அந்த வார்த்தை வேகமாகச் சுற்றியது.

மூன்றாவது தேதிக்கு ஐந்து நாள் முன்னால் அண்ணனுக்குத் திரும்பவும் எல்லாப் பரிசோதனையும் எடுத்தார்கள். இந்த முறை தும்மல் இல்லை, காய்ச்சல் இல்லை. அப்பாடா என்று உட்கார்ந்திருந்தேன். சாயங்காலம் ஆஸ்பத்திரியிலிருந்து அண்ணனுக்குப் போன் வந்தது, ஸ்பீக்கரில் போட்டான். அண்ணனுக்கு ரத்தத்தில் கிரியேட்டினின் என்கிற கழிவு கூடியிருக்கிறது, சிறுநீரில் புரதம் போகிறது, அதனால் நிறுத்திவைக்கிறோம். எனக்கு ஒரு வருஷமாக மனப்பாடம் ஆகியிருக்கிற வார்த்தைகள். கிட்னி கெட்டவர்களுக்குச் சொல்கிற வார்த்தைகள். நாலு மாதம் முன்னால் கண்ணாடி மாதிரி இருந்த கிட்னி எப்படி திடீரென்று கெடும்?

டாக்டரம்மாவுக்கே போன் போட்டேன். "நிஜமாவே கூடியிருக்கா, இல்ல நீங்களா சொல்றீங்களா?" என்றேன்.

"அவரோட ரிப்போர்ட்டை அவர்கிட்டதான் பேசுவேன். அவரைக் கூட்டிட்டு வாங்க" என்றார்.

போதாதா? கல் கதைதான். அண்ணன் டிமிக்கி கொடுக்கிறான் என்று முடிவே கட்டிவிட்டேன். கீழே இறங்கிப் போய் அண்ணியைப் பிடித்தேன். அண்ணி கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறவர். எதைச் சொன்னாலும், இந்த லென்ஸ் தெளிவா, அந்த லென்ஸ் தெளிவா என்பது போல் யோசித்துத்தான் சொல்வார்.

"எனக்கும் ஒண்ணும் புரியலம்மா. ஆஸ்பத்திரி தேதி நெருங்கினா போதும், இவர் ரெண்டு வேளை ஜிம்முக்குப் போறார். காலைல ரெண்டு மணி நேரம், வேலை முடிஞ்சு ரெண்டு மணி நேரம். சாப்பிடறதும் பாதிதான். டெஸ்ட்டு எடுத்த அன்னைக்கு விடியக்காலைல கூடப் போய்ட்டுதான் வந்தார்."

"அப்படின்னா வேணும்னேதான் உடம்பைக் கெடுத்துக்கறான்."

"நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார் அண்ணி, சரியில்லை என்ற அர்த்தத்தில்.

மறுநாள் விடிந்ததும் ஜிம்முக்குப் போனேன். கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும். படியேறும்போது நாலு தடவை நின்று மூச்சு வாங்கிக்கொண்டேன். உள்ளே ரப்பர் வாடையும் வேர்வை வாடையும் கலந்து ஆளைத் தள்ளியது. ஒரே ஒரு தண்ணீர் ட்ரம், அதன் மேல் சங்கிலியில் கட்டிய ஒரே ஒரு டம்ளர். வந்தவன் போனவன் எல்லாரும் அதில்தான் வாய் வைத்துக் குடித்தார்கள். இன்னும்ரெண்டு மூக்கை உறிஞ்சிக்கொண்டே அதில் குடித்துவிட்டு, பக்கத்தில் நின்றவரிடம் நீட்டினார்.

கண்ணாடிச் சுவருக்குப் பக்கத்தில் அண்ணன். தோளில் ஒரு மணல் மூட்டை. ஒரு மரப்பெட்டி மேல் ஏறினான், இறங்கினான், ஏறினான், இறங்கினான். முகம் சாம்பல் நிறத்தில் இருந்தது. கால் நடுங்கியது. பார்க்கச் சகிக்கவில்லை. ஆனால் கோபம் வந்த வேகத்தில் இரக்கத்துக்கு இடம் கிடைக்கவில்லை.

"இஷ்டமில்லன்னா இஷ்டமில்லன்னு சொல்லித் தொலையேன்!"

ஜிம்மே நின்றது. ஒருவர் ஓடிக்கொண்டிருந்த மெஷினிலிருந்து இறங்கிவிட்டார். அது ஆளில்லாமல் தானாக ஓடியது. அண்ணன் மூட்டையோடு திரும்பினான்.

"எதுக்கு?"

"எதுக்கா? கிட்னிக்கு! எனக்குத் தெரியாதுன்னு நினைச்சியா? தேதி வந்தா தொண்டை கட்டுது, தேதி வந்தா தும்மல் வருது, இப்ப கிரியேட்டினினாம். டாக்டரம்மா தனியா கூப்பிட்டு கேட்டாங்களா இல்லையா?"

"கேட்டாங்க."

"என்னன்னு?"

அண்ணன் மூட்டையை இறக்கினான். அதைப் பெட்டி மேல் வைக்கவே அவனுக்கு இரண்டு தடவை ஆயிற்று. "அதை எதுக்கு இங்க வச்சுக் கேக்கற?"

"இங்கதான் கேப்பேன். சொல்லு."

"வேண்டாம்னா இப்பவும் சொல்லலாம், உடம்பு ஒத்துவரலன்னு நாங்க வீட்ல சொல்லிக்கறோம்னாங்க. முதல் தடவை, சரி ஏதோ கேக்கறாங்கன்னு விட்டேன். ரெண்டாவது தடவையும் அதே கேள்வி. மூணாவது தடவையும்!" அவன் குரல் உயர்ந்தது. "என்னைப் பாத்தா அவ்ளோ மட்டமான சரக்காவா தெரியுது? மூஞ்சிக்கு நேரா சொல்லக் கூச்சப்பட்டுக்கிட்டு சுத்தி வளைச்சு சொல்றாங்க, உன் உடம்பு லாயக்கில்லைன்னு. எனக்குப் புரியாதா? அதான் இன்னும் கொஞ்சம் ஏத்தினேன்."

"எதை ஏத்தின?"

"லோடு." லிஃப்ட் வேலையைப் பற்றிப் பேச்சு வந்தால் அவன் முகத்தில் ஒரு தெளிவு வரும், அந்த நடுக்கத்திலும் வந்தது. "இன்ஸ்பெக்டர் வர்றதுக்கு முன்னாடி நாங்க என்ன பண்ணுவோம் தெரியுமா? லிஃப்டுக்குள்ள மூட்டை மூட்டையா மணலைப் போட்டு, முழு லோடோட இருபது தடவை மேலயும் கீழயும் ஓட்டுவோம். கயிறெல்லாம் இழுபட்டு அதது இடத்துல உக்காரும். அவர் வந்து நிக்கும்போது ஒரு சத்தம் வராது. என் லிஃப்ட் ஒண்ணு கூட இன்ஸ்பெக்‌ஷன்ல ஃபெயில் ஆனதில்ல. அதே மாதிரிதான், டெஸ்ட்டுக்கு முன்னாடி நாலு நாள்..."

"நீ லிஃப்ட்டாண்ணா?"

"ஒரு பேச்சுக்குச் சொல்றேன்."

நான் பக்கத்திலிருந்த பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். அதன் பஞ்சு யார் யார் வேர்வையிலோ ஊறியிருந்தது, எழுந்திருக்கத் தெம்பில்லை. ஓடிப்போவதற்காக உடம்பைக் கெடுத்துக்கொள்கிறான் என்று நினைத்தேன். இந்த மடையன் தகுதியான ஆளாக வந்து நிற்பதற்காகக் கெடுத்துக்கொண்டிருக்கிறான். சிரிப்பு வந்தது, கண்ணில் தண்ணியும் வந்தது. கோடு போட்ட பாட்டிலில் அதைச் சேர்க்க மாட்டார்கள் என்பது ஒரு லாபம்.

இன்னும்ரெண்டு மெதுவாகக் கிட்டே வந்தார். "அக்கா, அண்ணனுக்கு இன்னும் ரெண்டு செட் பாக்கி..." என்று ஆரம்பித்தார்.

நான் பதிமூன்று வருஷ அனுபவத்தை எல்லாம் திரட்டி அவரைப் பார்த்தேன். அவர் டம்ளர் பக்கம் போய்விட்டார்.

நேராக அண்ணனை இழுத்துக்கொண்டு டாக்டரம்மாவிடம் போனேன். நடந்ததை நான்தான் சொன்னேன். அண்ணன் இடையிடையே "அவ்ளோ இல்ல", "இருபது கிலோதான்" என்று திருத்தினான். டாக்டரம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார்.

"உங்களுக்கு இஷ்டமில்லன்னா வெளிய போறதுக்குன்னு நான் ஒரு கதவைத் திறந்துவச்சேன். எல்லாருக்கும் திறப்போம், அது எங்க கடமை. நீங்க அதுல போய் முட்டிக்கிட்டிருக்கீங்க!"

பிறகு ஒரு காகிதத்தை எடுத்து அவனுக்கு விளக்கினார். உடற்பயிற்சி நல்லதுதான், அளவாகச் செய்தால் நோயை எதிர்க்கிற சக்தி கூடும். ஆனால் இவன் செய்ததற்குப் பெயர் பயிற்சி இல்லை. சாப்பாடு பாதி, தூக்கம் நாலு மணி நேரம், நாளுக்கு இரண்டு வேளை மூட்டை. அப்படி அடிமேல் அடி கொடுத்தால் உடம்பு தன்னைச் சரிபண்ணிக்கொள்ளவே நேரம் போதாமல் தவிக்கும்; கிருமியோடு சண்டை போட அதனிடம் தெம்பு இருக்காது. போதாததற்கு ஊர்ச் சளி எல்லாம் ஒரே டம்ளரில் வந்து சேர்கிறது.

"அந்த ரிப்போர்ட்டு?" என்றான் அண்ணன், சின்னக் குரலில்.

"தசையைப் போட்டு அந்த அளவுக்குக் கிழிச்சா, அந்தக் கழிவெல்லாம் ரத்தத்துல வரும். கிரியேட்டினின் ஏறும், யூரின்ல புரதம் போகும். ஓய்வு எடுத்தா பெரும்பாலும் இறங்கிடும். இன்னும் கொஞ்சம் போயிருந்தீங்கன்னா நிஜமாவே கிட்னியைத் தீத்திருப்பீங்க. ரெண்டு பேரும் பக்கத்துப் பக்கத்துக் கட்டில்ல படுத்து டயாலிசிஸ் பண்ணிக்கலாம்."

டாக்டரம்மா என் பக்கம் திரும்பினார். "உங்களுக்கும் சொல்றேன். ஆபரேஷன் முடிஞ்சதும் உங்க எதிர்ப்பு சக்தியை நாங்களே மாத்திரை கொடுத்து இறக்கிடுவோம். இல்லன்னா அவரோட கிட்னியை வெளியாள்னு நினைச்சு உங்க உடம்பே அடிச்சுத் துரத்தும்."

"துரத்தும்" என்றான் அண்ணன். "அவ உடம்பு வேற எப்படி இருக்கும்?"

மூன்று வாரம் ஓய்வு. நடக்க மட்டும் அனுமதி, தினம் அரை மணி நேரம், மூச்சு வாங்காமல் பேசிக்கொண்டே நடக்கிற வேகம். சும்மா இருப்பது அவனுக்கு மூட்டையை விடக் கனமாக இருந்தது. வீட்டில் இருந்த எல்லாக் கதவுக்கும் எண்ணெய் விட்டான். மிக்ஸியைக் கழற்றி மாட்டினான். அண்ணி பொறுக்க முடியாமல் அவனை என் தலையில் கட்டினார்: "உன் கூட நடக்கட்டும். நீதான் வேகமா போக மாட்ட."

உண்மைதான். என்னால் அதற்கு மேல் நடக்க முடியாது. தெருக்கோடி பேக்கரி வரை போய், அங்கே படியில் உட்கார்ந்து, திரும்பி வருவோம். முதல் நாள் அவன் பத்தடி முன்னால் போய் நின்று நின்று பார்த்தான். ஒரு வாரத்தில் பக்கத்திலேயே நடந்தான். பேக்கரிக்காரர் எங்களைப் புருஷன் பெண்டாட்டி என்று நினைத்து, "அம்மாவைப் பாத்துக் கூட்டிட்டுப் போங்க சார்" என்றார். நான் அவருக்குக் கொடுத்த பதிலில், மறுநாளிலிருந்து அவர் எங்களைக் கண்டால் உள்ளே போய்விடுவார். அண்ணன் சிரித்துக்கொண்டே வந்தான். எனக்கும் அந்த அரை மணி நேரத்துக்காகக் காத்திருக்கத் தோன்றியது.

அவனுக்கு அரைக் கிலோ ஏறியது. சளி வரவே இல்லை. நாலாவது தடவையாக ரத்தம் கொடுத்தான். இரண்டு நாள் கழித்து எங்கள் இரண்டு பேரையும் வரச்சொன்னார்கள்.

வழக்கம்போல் முதலில் அவனைத் தனியாகக் கூப்பிட்டார்கள். நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து கதவையே பார்த்தேன். பத்து நிமிஷம் ஆயிற்று. வெளியே வந்தவன் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. "உன்னைக் கூப்பிடறாங்க" என்றான்.

உள்ளே போனேன். டாக்டரம்மா, எண்கள் எல்லாம் இறங்கிவிட்டன, கிட்னி அருமையாக இருக்கிறது, வெள்ளிக்கிழமை ஆபரேஷன் என்றார். நான் நாற்காலியின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அவர் ஒரு பாரத்தைப் புரட்டினார்.

"வாங்கிக்கறவங்ககிட்டயும் கேக்கணும். உங்களுக்கு முழுச் சம்மதம்தானே?"

"இதென்ன கேள்வி டாக்டர்?"

"எழுதிக்கணும். அப்புறம், நீங்க முதல்ல அவர்கிட்ட கேட்டப்ப உடனே சரின்னாரா? இல்ல டைம் எடுத்துக்கிட்டாரா?"

வாயைத் திறந்தேன். மூடிக்கொண்டேன். என் வாழ்க்கையில் அது அவ்வளவாக நடக்கிற விஷயம் இல்லை. ரத்தம் பொருந்திய அன்றைக்கு என்ன நடந்தது என்று யோசித்துப் பார்த்தேன். ரிப்போர்ட்டை நான்தான் வாங்கிவந்தேன். ஹாலில் அவன் முன்னால் நீட்டி, "உன்னுது செட் ஆகுதாம்" என்றேன். அண்ணி அப்பாடா என்றார். அடுத்த வாக்கியம், ஒன்பது கிலோ குறைக்கணுமாம். அதற்குப் பிறகு ஆறு மாதம் எடையைப் பற்றிப் பேசினேன், சளியைப் பற்றிப் பேசினேன், எப்படியெல்லாம் திட்ட முடியுமோ அப்படியெல்லாம் திட்டினேன். ஒரு தடவை கூடக் கேட்கவில்லை.

"ஒரு நிமிஷம் டாக்டர்" என்று எழுந்து வெளியே வந்தேன்.

அண்ணன் பெஞ்சில் குனிந்து ஷூ லேஸைக் கட்டிக்கொண்டிருந்தான். என் முகத்தைப் பார்த்ததும் அவன் கை நின்றது.

"என்ன, மறுபடியும் கூடிருச்சா?"

"இல்ல. எல்லாம் நல்லா இருக்கு."

"அப்புறம் ஏன் இப்படி நிக்கற?"

பக்கத்தில் உட்கார்ந்தேன். எத்தனையோ பேரை நடுரோட்டில் வண்டியை நிறுத்தச் சொல்லிக் கத்தியிருக்கிறேன். இந்த ஒரு வரிக்கு மூன்று தடவை ஆரம்பிக்க வேண்டியிருந்தது.

"அண்ணா, உன் கிட்னி ஒண்ணை எனக்குத் தர்றியா?"

அவன் என்னைப் பார்க்கவில்லை. லேஸைப் பார்த்தான். பாதியில் நின்ற முடிச்சைப் போட்டு முடித்தான்.

"ஆறு மாசம்" என்றான். "எல்லாரும் தேதி சொன்னீங்க, எடை சொன்னீங்க, எதைத் தின்னக் கூடாதுன்னு சொன்னீங்க. கேக்க மட்டும் ஒருத்தரும் கேக்கல. அந்த டாக்டரம்மா ஒருத்தர்தான் கேட்டாங்க, அதையும் நான் வேற மாதிரி எடுத்துக்கிட்டேன். நீ என்னைக்காவது கேப்பன்னு பாத்தேன். கேக்கல. சரி, கேக்காம எடுத்துக்கற சாமான், நல்ல சாமானாவாவது இருக்கட்டும்னுதான் போட்டுத் தேய்ச்சேன்."

"இல்லன்னு சொல்லணும்னா சொல்லுண்ணா. திட்ட மாட்டேன்."

நிஜமாகவே திட்டியிருக்க மாட்டேன். அவன் இல்லை என்று சொல்லியிருந்தால் நான் செத்துப்போயிருப்பேன், ஆனால் திட்டியிருக்க மாட்டேன். அவனுக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். சட்டைக் கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டான். சளி இல்லை அது.

"தர்றேன்" என்றான்.

"தேங்க்ஸ்ணா."

முப்பத்தொன்பது வருஷத்தில் அவனிடம் நான் சொன்ன முதல் தேங்க்ஸ் அது. அவன் நிமிர்ந்து, "என்ன சொன்ன?" என்று கேட்டான். நான் திரும்பவும் சொன்னேன்.